வானத்தில் ஒரு பெண் பெயர்

வானம் எல்லோருக்கும் பொது என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் அந்த வானத்தைப் பார்க்கும் உரிமையும், பார்த்ததை எடுத்துச் சொல்லும் உரிமையும், கண்டுபிடித்ததற்குப் பெயர் பெறும் உரிமையும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தனவா என்று கேட்டால், விடை சொல்லச் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு விண்மீனையும், அதைச் சுற்றிவரும் ஒரு விந்தையான கோளையும் பற்றிச் சொல்லி, அவற்றின் வழியாக எங்கள் மனத்தில் உள்ள ஒரு கருத்தைப் பெரியோர் முன் வைக்க விரும்புகிறோம்.

அந்த விண்மீனின் பெயர் பிபா. கோளின் பெயர் சந்தமசா. இரண்டும் நம் பாரத நாடு உலகுக்குக் கொடுத்த பெயர்கள். அவற்றுள் ஒன்று ஒரு பெண்ணின் பெயர்.

இரண்டே நாளில் ஓர் ஆண்டு

பங்குனி மாதத்து இரவில், ஒன்பது மணி அளவில், பழையசீவரத்தில் எந்த முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் சிம்ம ராசியின் மக நட்சத்திரம் ஏறத்தாழ உச்சியில் நிற்கக் காணலாம். அதற்குத் தெற்கே, செக்ஸ்டன்ஸ் என்னும் மங்கலான விண்மீன் கூட்டத்தில், எச்.டி. 86081 என்று விஞ்ஞானிகள் எண்ணிட்ட விண்மீன் ஒன்று இருக்கிறது. அதுவே பிபா. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. நல்ல பைனாகுலரோ சிறிய தொலைநோக்கியோ வேண்டும். அதன் ஒளி நம்மை வந்தடைய முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று நாம் காணும் ஒளி, நம் பாட்டிக்குப் பாட்டி பிறப்பதற்கும் முன்னே அங்கிருந்து புறப்பட்டது.

அந்த விண்மீனைச் சுற்றும் சந்தமசா, நம் வியாழனைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு நிறை உடைய பெருங்கோள். வியாழனே பூமியைப் போல் 318 மடங்கு நிறை உடையது என்பதை நினைத்துக்கொண்டால், இது எத்தனை பெரியது என்பது விளங்கும். ஆனால் விந்தை அதன் பருமனில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லாத நெருக்கத்தில் அது தன் விண்மீனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் 2 நாளும் ஏறத்தாழ 3 மணி நேரமும்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளி மணி அடிக்கும்போது அங்கே ஓர் ஆண்டு பிறந்தால், புதன்கிழமை மதிய உணவு மணிக்குள் அந்த ஆண்டு முடிந்துபோகும். இங்கே பதினைந்து வயது நிரம்பிய மாணவிக்கு அந்தக் கணக்கில் 2,500 வயதுக்கு மேல் ஆகியிருக்கும்!

அத்தனை நெருக்கத்தில் இருப்பதால் அதன் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேல் இருக்கும் என்பது கணக்கு. காலூன்றி நிற்கத் தரை கிடையாது, எல்லாம் கொதிக்கும் வாயு. இப்படிப்பட்ட கோள்களை விஞ்ஞானிகள் 'வெப்ப வியாழன்கள்' என்று வகைப்படுத்துகிறார்கள்.

இருக்காது என்றவர்கள்

இந்த வெப்ப வியாழன்கள் நீண்ட காலம் யார் கண்ணுக்கும் படாமல் இருந்தன. ஏன் என்பதுதான் நாங்கள் சிந்திக்க வேண்டுவது.

நம் சூரிய குடும்பத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்னும் சிறிய பாறைக் கோள்கள் சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. வியாழன், சனி முதலான பெரிய கோள்கள் எட்டத்தில் இருக்கின்றன. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் இந்தச் சுற்றைக் கொண்டுதான். 'பெரியது எட்டத்தில், சிறியது கிட்டத்தில்' என்ற இந்த ஒழுங்குக்குக் காரணமும் உண்டு. சூரியனுக்கு அருகில் வெப்பம் மிகுதி, அங்கே பனிக்கட்டி உறைந்து திரள வழியில்லை. குளிர்ந்த எட்டத்தில்தான் பனியும் பாறையும் வாயுவும் சேர்ந்து பெருங்கோளாகத் திரள முடியும். ஆகவே எந்த விண்மீனைச் சுற்றினாலும் பெருங்கோள் எட்டத்தில்தான் இருக்கும் என்று அறிஞர்கள் எண்ணினார்கள். நம் வீட்டில் எப்படியோ அப்படியே ஊரெல்லாம் இருக்கும் என்ற எண்ணம் அது.

1952-ஆம் ஆண்டில் ஆட்டோ ஸ்ட்ருவே என்ற வானியல் அறிஞர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வியாழனைப் போன்ற பெருங்கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அருகில், ஒரே நாளில் ஒரு சுற்று முடிக்கும் அளவு நெருக்கத்தில், இருக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை என்றார். அப்படி ஒன்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அதிலேயே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன.

1995 அக்டோபரில் ஸ்விட்சர்லாந்து நாட்டு மிஷேல் மேயர், திதியே கெலோஸ் என்ற இருவர், பிரான்சு நாட்டுத் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு, 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தார்கள். நிறை ஏறத்தாழ வியாழனில் பாதி. ஒரு சுற்றுக்கு நான்கு நாளும் சில மணி நேரமும்! சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அது, இருக்கவே இருக்காது என்று கருதப்பட்ட இடத்தில் இருந்தது. இருவருக்கும் 2019-இல் நோபல் பரிசில் பாதி அளிக்கப்பட்டது.

அதன் பிறகு தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. வெப்ப வியாழன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகப்பட்டன. 'அடுத்த இரண்டாயிரம் விண்மீன்கள்' என்ற பொருளில் பெயரிட்டு, டெப்ரா பிஷர் என்ற அம்மையார் தலைமை ஏற்று நடத்திய தேடல் திட்டத்தில், 2006-ஆம் ஆண்டு கிடைத்ததே நம் சந்தமசா. இவை குளிர்ந்த எட்டத்தில் பிறந்து, பிறகு உள்நோக்கி இடம்பெயர்ந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. பிறந்த இடத்திலேயே எல்லாமும் இருந்துவிடுவதில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கோள்கள் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அவை அங்கேயே இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை என்று சுற்றிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் ஒன்று இருக்காது என்று முடிவு செய்துவிட்டவர் அங்கே தேடுவதில்லை. தேடாதவருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காததையே இல்லை என்பதற்குச் சான்றாகவும் காட்டிவிடுகிறார்கள்.

ரயிலும் விண்மீனும்

கோளைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தங்கைகள் கேட்கலாம். ஒரு தாய் தன் குழந்தையின் இரு கைகளையும் பற்றிச் சுற்றும்போது, குழந்தை மட்டுமா சுற்றுகிறது? தாயின் உடலும் சற்றே அசைந்து சுற்றுகிறது அல்லவா? அதுபோல் கோளின் ஈர்ப்பால் விண்மீனும் அசைகிறது. அந்த அசைவில் அது ஒருமுறை நம்மை நோக்கி வருகிறது, மறுமுறை நம்மை விட்டு விலகுகிறது.

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் ரயில் நம் ஊர் நிலையத்தில் நில்லாமல் கூவிக்கொண்டு போனால், கிட்டே வரும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்கும். ஒளியும் அப்படியே. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி சற்று நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். இந்த நுண்ணிய நகர்வை அளந்தால் கோளின் சுற்றுக் காலமும், குறைந்த அளவு நிறையும் தெரிந்துவிடும். நம் வியாழன் சூரியனை விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது, அதுவும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஓர் அசைவு. சந்தமசாவோ தன் விண்மீனை விநாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வேகத்தில், இரண்டு நாளைக்கு ஒருமுறை அசைக்கிறது. இத்தனை பெரிய அசைவைத்தான் தேடாமல் விட்டிருந்தார்கள்!

நம் தமிழகத்துக்கும் இந்தத் தேடலில் ஒரு பழைய பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட வானாய்வகத்தில் பணிபுரிந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூகி என்ற இரட்டை விண்மீன் அருகே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று கணக்கிட்டுச் சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் அது ஒன்று. பிற்காலத்துக் கணக்குகள் அப்படிப்பட்ட கோள் அங்கே இல்லை என்று காட்டின. ஆயினும் அந்த முயற்சி வீண் என்று நாங்கள் கருதவில்லை. தேடித் தவறியவரைத் திருத்திக்கொண்டு விஞ்ஞானம் முன்னே போகும். தேடாதவரைக் கொண்டு அது ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது.

இன்று நம் நாட்டவரும் இந்தத் துறையில் தேடுகிறார்கள். அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், ராஜஸ்தானின் அபு மலையில் உள்ள தொலைநோக்கியையும், தாங்களே அமைத்த 'பாரஸ்' என்ற நிறமாலைக் கருவியையும் கொண்டு, 2021-இல் ஒரு வெப்ப வியாழனைக் கண்டறிந்தார்கள். அதற்கு டி.ஓ.ஐ. 1789 பி என்று எண். 3.2 நாளில் ஒரு சுற்று. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

பெயர் வந்த கதை

2019-ஆம் ஆண்டு உலக வானியல் சங்கத்துக்கு நூறு வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கி, 'நீங்களே பெயர் வையுங்கள்' என்று அந்தச் சங்கம் கேட்டது. இந்தியாவின் பங்குக்கு வந்தது எச்.டி. 86081. இந்திய வானியல் கழகத்தார் பொதுமக்களிடமும் மாணவரிடமும் பெயர்களைக் கேட்டுத் திரட்டி, வாக்கெடுப்பும் நடத்தினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் 112 நாடுகளின் பெயர்கள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. விண்மீனின் பெயரைச் சொன்னவர் சூரத் நகரக் கல்லூரி மாணவர் ஒருவர். கோளின் பெயரைச் சொன்னது புனே நகரத்துப் பள்ளிச் சிறுவன், வயது பதின்மூன்று.

பெயர்களை எழுதித் திரட்டி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். சொந்த நிலம், சொந்த வீடு, வயது, வேதப் பயிற்சி என்று தகுதிகளை வகுத்திருந்தார்கள். அந்தத் தகுதிகளைப் பார்த்தால் பெண் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழ வழியில்லை என்பது தெரியும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், நாடே சேர்ந்து எடுத்த ஓலையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அது பிபா சௌத்ரி என்னும் விஞ்ஞானியின் பெயர். வங்காளிகள் 'வ' என்பதைப் 'ப' என்று ஒலிப்பார்கள். நம் வாயில் அது 'விபா' என்று வரும். ஒளிக்கதிர் என்று பொருள். 'சந்தமசா' என்ற வடசொல்லுக்கு மேகம் மூடியது என்று பொருள் கொண்டார்கள். ஒளிக்கு அருகிலேயே ஒரு மூட்டம்! பிபா அம்மையாரின் வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் எத்தனை பொருத்தம் என்று தோன்றாமல் போகாது.

குடத்திலிட்ட விளக்கு

பிபா சௌத்ரி 1913-இல் கல்கத்தாவில் பிறந்தார். 1936-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வாண்டு அந்தப் பட்டம் பெற்ற ஒரே பெண் அவர். பிறகு போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் தேவேந்திர மோகன் போஸ் அவர்களோடு சேர்ந்து, விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். இமயத்தின் டார்ஜிலிங் மலையிலும், அதனினும் உயர்ந்த சந்தக்பூவிலும் புகைப்படத் தகடுகளை வைத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, பின் அவற்றில் பதிந்த நுண்ணிய தடங்களை உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாக அளந்தார்கள். 'மெசான்' என்ற அணுத்துகளின் நிறையை அந்தத் தடங்களைக் கொண்டு கணக்கிட்டு, 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

அது உலகப்போர்க் காலம். மேலும் நுட்பமான தகடுகள் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை, ஆராய்ச்சி நின்றுபோயிற்று. போருக்குப் பின் இங்கிலாந்தில் சிசில் பாவெல் அதே தகடு முறையை நல்ல தகடுகளைக் கொண்டு செம்மைப்படுத்தி, 1947-இல் 'பை மெசான்' துகளைக் கண்டறிந்தார். 1950-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாவெல் பெருமகனாரின் உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. முன்னே அந்த வழியில் நடந்த இருவரை உலகம் மறந்தது என்பதையே சொல்கிறோம்.

பிபா சோர்ந்து உட்காரவில்லை. மான்செஸ்டரில் பாட்ரிக் பிளாக்கெட் அவர்களின் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். 1949-இல் ஹோமி பாபா அவர்களின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே முதல் பெண் ஆய்வாளர் அவரே. பிறகு அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்து, கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த காஸ்மிக் கதிர் ஆய்விலும் பங்கு கொண்டார். மலை உச்சியில் தொடங்கிய தேடல் பூமியின் அடிவயிறு வரை சென்றது. 2021-இல் வெப்ப வியாழனைக் கண்டறிந்ததாக மேலே நாம் கண்ட ஆராய்ச்சிக் கூடமும், பிபா பணிபுரிந்த அந்தக் கூடமும் ஒன்றே.

அவர் 1991-இல் கல்கத்தாவில் காலமானார். இறுதிவரை ஆராய்ச்சியை விடவில்லை. ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் பெரிய தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. நாட்டின் பெரிய விஞ்ஞானக் கழகங்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. குடத்திலிட்ட விளக்காக எரிந்து அணைந்தார். அணைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த விளக்கை எடுத்து வானத்தில் வைத்தோம்.

எண்ணிக்கையாக நின்ற பெண்கள்

இது ஒருவரின் கதை மட்டுமன்று. பாலாற்றுக்கு அக்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டில் அங்கே பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருந்ததை அது சொல்கிறது. வைத்தியரின் பெயர் அதில் இருக்கிறது. நோயாளிகளைக் கவனித்து மருந்து காய்ச்சிய பெண்களோ, மற்ற ஊழியர்களைப் போலவே, இருவர் என்ற எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறார்கள்.

வத்திக்கான் வானாய்வகத்திலும் இதே கதை நடந்தது. உலகிலுள்ள ஆய்வகங்கள் சேர்ந்து வானத்தையே வரைபடமாக்க முயன்ற காலத்தில், 1910 முதல் 1921 வரை, குழந்தை மரியாள் சபையைச் சேர்ந்த நான்கு கன்னியர் புகைப்படத் தகடுகளைப் பார்த்து நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து எழுதினார்கள். அவர்கள் வேலை செய்யும் படம் ஒன்று இருந்தது, பெயர்களை மட்டும் காலம் மறந்திருந்தது. பழைய காகிதங்களைப் புரட்டிய ஒரு சேசு சபைக் குருவின் முயற்சியால், 2016-இல்தான் அந்தப் பெயர்கள் உலகுக்குத் தெரிந்தன: எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்தி, லூயிஜா பன்செரி. நம் அருட்சகோதரிகள் இந்த நால்வரையும் தங்கள் உடன்பிறப்புகளாக நினைவு கூர்வார்கள் என்று நம்புகிறோம்.

அமெரிக்காவில் பாலோமர் மலையில் அந்நாளில் உலகிலேயே பெரிய தொலைநோக்கி இருந்தது. அதைக் கொண்டு வானத்தைப் பார்க்க, 1960-களின் நடுப்பகுதி வரை பெண்களுக்கு முறைப்படி அனுமதி கிடையாது. பெண்களுக்கெனக் கழிப்பறை இல்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது! 1965-இல் வேரா ரூபின் என்ற அம்மையார் முறையான அனுமதி பெற்று உள்ளே சென்றார். விண்மீன் கூட்டங்களில் கண்ணுக்குப் புலப்படாத பெரும் பொருள் உண்டு என்பதற்குப் பிற்காலத்தில் வலுவான சான்று தந்தவர் அவரே. அந்தக் கதவு இன்னும் சில ஆண்டுகள் மூடியே இருந்திருந்தால் நஷ்டம் வேரா ரூபினுக்கு மட்டுமா?

எங்கள் கருத்து

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. பெருங்கோள் இங்கே இருக்காது என்று சொன்ன அதே குரலை நாங்கள் வேறு இடத்திலும் கேட்கிறோம். 'பெண்பிள்ளைக்குக் கணக்கும் பௌதிகமும் எதற்கு?' 'அந்தப் பிரிவெல்லாம் பையன்களுக்கு.' 'பக்கத்து ஊரிலேயே ஏதாவது ஒன்று படித்தால் போதும்.' சொல்பவர்கள் எங்கள்மேல் அன்பு இல்லாதவர்கள் அல்லர். எங்களுக்காக உழைத்து உடம்பைத் தேய்த்துக்கொள்பவர்கள்தாம் சொல்கிறார்கள். ஆயினும் பெண் எந்த இடத்தில் இருக்க முடியும் என்பதைத் தேடிப் பார்க்கும் முன்பே முடிவு செய்துவிடுவது, ஸ்ட்ருவே சொன்னதைக் காதில் வாங்காமல் நாற்பத்து மூன்று ஆண்டு இருந்ததற்கு ஒப்பாகும். அந்த நாற்பத்து மூன்று ஆண்டில் கோள்களுக்கு நஷ்டம் இல்லை, அவை சுற்றிக்கொண்டே இருந்தன. ஒரு பெண்ணின் பள்ளிப் பருவமோ போனால் திரும்பாது.

சிலர் கேட்கலாம்: 'பாலாற்றில் தண்ணீர் இல்லை. முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கோள் இரண்டு நாளில் சுற்றினால் நமக்கு என்ன?' நியாயமான கேள்வி. அந்தக் கோளில் நாம் நெல் விளைவிக்கப் போவதில்லை. ஆனால் மிக நுண்ணிய மாற்றத்தைப் பொறுமையாக அளந்து உண்மையை அறியும் பழக்கம்தான், ஆற்று மணலுக்கு அடியில் நீர்மட்டம் எத்தனை இறங்கியது என்று அளக்கவும், நோயாளியின் இரத்தத்தில் என்ன குறை என்று காணவும் வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் வந்த பெண் எந்தத் துறையில் இருந்தாலும் ஊருக்குப் பயன்படுவாள்.

செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி அம்மையார், 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தார். அவர் வீட்டார் 'இருக்காது' என்று முடிவு செய்திருந்தால் நம் நாட்டுக்கு அந்த இயக்குநர் கிடைத்திருக்கமாட்டார்.

எங்கள் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, பெற்றோருக்கு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று உறவினர் எல்லோரையும் கேட்கிறீர்கள். மகளையும் கேளுங்கள். அவள் சொல்வதே முடிவாக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவளைக் கேட்காத முடிவு முடிவாகக் கூடாது என்கிறோம்.

இரண்டாவது, அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும். விளக்கு வைத்த பிறகு பெண்கள் முற்றத்தில் நிற்கக் கூடாது என்ற வழக்கத்தில்தான் நாங்கள் வளர்கிறோம். ஆனால் வானியல் என்பது விளக்கு வைத்த பிறகு தொடங்கும் படிப்பாயிற்றே! பெற்றோரின் அச்சம் எங்களுக்கும் தெரியும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு இரவுகள், அமாவாசையை ஒட்டி, பள்ளி மைதானத்திலேயே, தாய்மாரும் ஆசிரியைகளும் உடனிருக்க, வானம் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். பைனாகுலர் ஒன்று போதும். மக நட்சத்திரத்தை அடையாளம் கண்டு, அதற்குத் தெற்கே அந்த மங்கலான பகுதியைப் பார்த்து, 'அங்கே ஒரு பெண் பெயர் இருக்கிறது' என்று ஒரு தங்கைக்குக் காட்டினால், அது பத்துப் பாடத்துக்குச் சமம். வசதி கிடைக்கும் ஆண்டில், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு ஒரு சுற்றுலா போகலாம். 1986 முதல் அங்கே நிற்கும் 93 அங்குலத் தொலைநோக்கி நம் நாட்டிலேயே கட்டப்பட்டது.

மூன்றாவது, எங்களுக்கே. வாய்ப்பு வரவில்லை என்று முணுமுணுப்பதோடு நின்றுவிட்டால் யாரும் நம்மை நம்பமாட்டார்கள். பிபா அம்மையார் மாதக்கணக்கில் தகடுகளுக்காகக் காத்திருந்தார். வத்திக்கான் கன்னியர் பதினொரு ஆண்டு ஒரே வேலையைப் பிழையின்றிச் செய்தார்கள். கணக்கு வரவில்லை என்று இரண்டு நாளில் புத்தகத்தை மூடுகிறவள், 'எனக்கு இடம் தரவில்லை' என்று சொல்வதில் பொருள் இல்லை. இடம் கேட்பவள் உழைப்பையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

வானத்தில் பெயர் வைப்பது நல்ல காரியம். அதை நாங்கள் வாழ்த்துகிறோம். ஆனால் இருபத்தெட்டு ஆண்டு பிந்தி வரும் பெருமையைவிட, உரிய நாளில் கிடைக்கும் ஒரு புத்தகமும், ஒரு பைனாகுலரும், 'போய்ப் படித்து வா' என்ற ஒரு சொல்லும் மேலானவை. விளக்கு எரியும்போதே அதைக் குடத்திலிருந்து வெளியே எடுங்கள். அணைந்த பிறகு வானத்தில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் வெளிச்சத்தில் படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து போய்விடுவார்கள்.